‘பிளாக் இருக்கு, ஸ்டென்ட் வெச்சிடலாமா?’ - ஆஞ்சியோகிராமுக்கு முதல் நாளே டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தில் 2024 நவம்பரில் இலவச மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. அங்கே பார்க்கப்பட்டவர்களில் 19 பேரை அகமதாபாத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். 19 பேருக்கும் ஆஞ்சியோகிராம் எடுக்கப்பட்டது. 7 பேருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அந்த 7 பேரில் இருவர் இறந்துபோனார்கள். தேவையில்லாதவர்களுக்கும் அரசு காப்பீட்டுப் பணத்துக்காகச் சிகிச்சை செய்யப்பட்டது என்று வழக்குப் பதிவானது. கைதுகளும் நடந்தன. “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லை” என்பதுதான் உறவினர்களின் முதல் புகார்.

அது மோசடிப் புகார் எழுந்த வழக்கு. தினமும் நடக்கும் எல்லா ஆஞ்சியோகிராமையும் அதே கண்ணாடி போட்டுப் பார்ப்பது டாக்டர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால், அந்த வழக்கு கிளப்பிய ஒரு கேள்வி நல்ல மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். டெஸ்ட் எடுக்கப் போனவர் சிகிச்சையும் முடிந்து வெளியே வருகிறார் என்றால், நடுவில் முடிவு எடுத்தது யார்?

வழக்கமாக நடப்பது இதுதான். அப்பா கேத் லேப் டேபிளில் படுத்திருப்பார். மணிக்கட்டு வழியாகச் செருகிய மெல்லிய குழாய் இதயத்தின் ரத்தக் குழாய் வரை போய் நிற்கும். சாயம் செலுத்திப் படம் எடுத்தாகிவிட்டது. வெளியே காத்திருக்கும் மகனையோ மகளையோ உள்ளே கூப்பிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் மானிட்டரில் டாக்டர் காட்டுவார். “பாருங்க, இந்த இடத்துல 90 பர்சென்ட் பிளாக். இப்பவே ஸ்டென்ட் வெச்சிட்டா இன்னொரு தடவை குத்த வேண்டாம். என்ன சொல்றீங்க?”

பார்ப்பவருக்குப் புரிவது ‘90’ என்ற எண் மட்டும்தான். கை நடுங்க ஒரு கையெழுத்து, ஐந்து நிமிடத்தில் முடிவு.

ஒரே அமர்வில் ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட்டும் செய்வது தவறான பழக்கம் இல்லை. ஒரு தடவைதான் குத்த வேண்டும், இரண்டாவது அட்மிஷன் மிச்சம், செலவும் குறையும். அந்த ஐந்து நிமிடம் எந்தக் கேள்விக்கும் உகந்த நேரம் இல்லை என்பதுதான் சிக்கல். கேள்விகள் முதல் நாளே, ஓபி அறையில், அப்பாவும் உட்கார்ந்திருக்கும்போதே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த விஷயத்தில் முக்கியமானது. அது இதயம் சம்பந்தப்பட்ட வழக்கு அல்ல. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பை அகற்றப்பட்டது. சுயநினைவு திரும்பிய பிறகு முடிவு எடுக்கக்கூடிய நிலையில் உள்ள வயதுவந்த ஒருவருக்காக, அவசரம் இல்லாத நேரத்தில், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை மட்டுமே விதிவிலக்கு என்றும் தெளிவாகச் சொன்னது.

அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் உண்டு. பரிசோதனையின்போதே சிகிச்சையும் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே எதிர்பார்த்தால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்மதம் வாங்கலாம். பல மருத்துவமனைப் படிவங்களில் ‘சிஏஜி, தேவைப்பட்டால் பிடிசிஏ’ என்று இருப்பது இதனால்தான். சிஏஜி என்றால் ஆஞ்சியோகிராம், பிடிசிஏ என்றால் பலூன் வைத்து அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் பொருத்துவது. அட்மிஷன் கவுண்டரில் ஆதார் ஜெராக்ஸோடு சேர்த்து நீட்டப்படும் பத்துப் பக்கத்தில் இந்த ஒரு வரி கண்ணில் படாமலே போய்விடும். அங்கே கேட்க வேண்டியது: “இது டெஸ்ட்டுக்கு மட்டுமா, ஸ்டென்ட்டுக்கும் சேர்த்தா? ‘தேவைப்பட்டால்’னா எப்படி இருந்தா தேவைப்படும்?”

சிகிச்சை என்ன, அதனால் என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற விவரங்களை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றும் தீர்ப்பு பட்டியலிட்டிருக்கிறது. எனவே இவற்றைக் கேட்பது டாக்டரைச் சந்தேகப்படுவது ஆகாது. அவர் சொல்லக் கடமைப்பட்டதைத்தான் நோயாளி கேட்கிறார்.

முதலில், இது அவசரமா?

எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி இது. “இது ஹார்ட் அட்டாக்கா டாக்டர், இல்ல பழைய அடைப்பா?” இதற்கு வரும் பதிலைப் பொறுத்து மற்ற எல்லாக் கேள்விகளும் மாறும்.

ரத்தக் குழாய் திடீரென முழுமையாக அடைபட்டு, ஈசிஜியில் அது தெரிகிறது என்றால் அங்கே விவாதத்துக்கு இடமில்லை. மருத்துவமனைக்குள் நுழைந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் செகண்ட் ஒப்பீனியன் தேடுவது, கூகுளில் தட்டிப் பார்ப்பது, துபாயில் இருக்கும் அண்ணனுக்கு ரிப்போர்ட் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது எல்லாமே ஆபத்து. நெஞ்சு வலியை ‘கேஸ்’ என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுப்பதும் அதே வகைதான். தமிழ்நாட்டில் 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லாத ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முழு அடைப்பு இல்லாமலும் மாரடைப்பு வரலாம். ஓய்வாக இருக்கும்போதே வலி, ரத்தத்தில் ட்ரோபோனின் அளவு ஏறியிருப்பது போன்றவை அதன் அடையாளங்கள். அங்கேயும் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் ஆஞ்சியோகிராம் செய்வார்கள். கேள்வி கேட்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், வீட்டுக்குப் போய் யோசிக்கும் அளவுக்கு இல்லை.

மாடி ஏறினால் மட்டும் நெஞ்சு இறுக்கம், நின்றால் சரியாகிவிடுகிறது, மாதக்கணக்கில் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்பது மூன்றாவது வகை. அல்லது எந்தத் தொந்தரவும் இல்லாமல் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் டிரெட்மில் டெஸ்ட் ‘பாசிட்டிவ்’ என்று வந்திருக்கும். ஐடி கம்பெனியின் வருடாந்திரப் பரிசோதனை பேக்கேஜ் வழியாகப் பெற்றோரை அழைத்துப்போகும் பிள்ளைகள் அதிகம் சந்திப்பது இதைத்தான். நிதானமாகக் கேட்க நேரமும் உரிமையும் இருப்பது இங்கேதான். “இன்னைக்கே பண்ணலைன்னா என்ன ஆகும்? ரெண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்துட்டு வரலாமா?” என்ற கேள்விக்கு டாக்டர் நேராக ஒரு பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டென்ட் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது?

‘அடைப்பு இருக்கு, எடுத்துட்டா அட்டாக் வராது’ என்ற நம்பிக்கை ரொம்ப இயல்பானது. தண்ணிக் குழாயில் அடைப்பு எடுப்பதுபோலத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். நிலையான இதய நோயில் அந்தக் கற்பனை சரியாகப் பொருந்துவதில்லை.

2007இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வு, நிலையான நெஞ்சு வலி உள்ளவர்களுக்கு முறையான மாத்திரைகளோடு ஸ்டென்ட்டையும் சேர்த்தபோது மரணமோ மாரடைப்போ குறையவில்லை என்று காட்டியது. அதைவிடப் பெரியது ‘இஸ்கீமியா’ ஆய்வு. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரைச் சேர்த்து நடந்த அதன் முடிவு 2019 நவம்பரில் வெளியானது. அங்கேயும் கிட்டத்தட்ட அதே கதைதான். முதலிலேயே ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்று போனவர்களுக்கும், மாத்திரையில் தொடங்கியவர்களுக்கும் மாரடைப்பு, மரணம் போன்ற பெரிய பாதிப்புகளில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. ஆனால், அடிக்கடி நெஞ்சு வலி வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஸ்டென்ட்டும் பைபாஸும் நல்ல நிவாரணம் கொடுத்தன. 2023இல் வந்த ‘ஆர்பிட்டா-2’ ஆய்வும், நெஞ்சு வலி மாத்திரைகள் எடுக்காதவர்களுக்கு ஸ்டென்ட்டால் வலி குறைகிறது என்பதை, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைப்பதுபோலப் போலியாகச் செய்து ஒப்பிட்டு நிரூபித்தது.

இதைப் படித்துவிட்டு ‘ஸ்டென்ட்டே வேஸ்ட்’ என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இஸ்கீமியா ஆய்வில் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இடது பக்கத்தின் முதன்மைக் குழாயிலேயே கணிசமான அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் பம்பிங் 35 சதவீதத்துக்கும் கீழே இறங்கியவர்கள், மாத்திரைக்கு அடங்காத வலி உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது இப்படி இருக்கலாம். “இந்த ஸ்டென்ட் அப்பாவோட ஆயுசைக் கூட்டவா, இல்ல வலியைக் குறைக்கவா? இடது மெயின் குழாய்ல அடைப்பு இருக்கா? எக்கோல பம்பிங் எவ்வளவு?” ‘வலியைக் குறைக்க’ என்று பதில் வந்தால், அடுத்த கேள்வி தானாகவே அப்பாவிடம் போய் நிற்கும். அந்த வலி அவர் வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது? தினமும் வயலுக்கு நடக்கிறவருக்கும், சாயங்காலம் பால்கனியில் உட்காருகிறவருக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

‘90 பர்சென்ட்’ என்பது யார் போட்ட கணக்கு?

பெரும்பாலும் அது கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு. 95 என்றால் பெரிய குழப்பம் இல்லை. 50, 60, 70 என்று நடுவில் நிற்கும் அடைப்புகளில் ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு டாக்டர்கள் வேறு வேறு எண் சொல்லலாம். அடைப்பு உண்மையிலேயே ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று அளக்க, அழுத்தம் பார்க்கும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. எஃப்எஃப்ஆர் என்பார்கள். அடைப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உள்ள அழுத்தத்தை ஒப்பிட்டு ஒரு எண் கொடுக்கும். 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த அடைப்பு பொருட்படுத்த வேண்டியது. அதற்கு மேல் இருந்தால் பொதுவாக மாத்திரையே போதும். கம்பிக்குத் தனிச் செலவு உண்டு, எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. “நடுத்தரமா இருந்தா பிரஷர் பார்த்துட்டு முடிவு பண்ணுவீங்களா? அந்த வசதி இங்க இருக்கா?” என்பதை முதல் நாளே கேட்டுவிடலாம்.

சர்க்கரை நோயாளிகள் தனியாகக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்கள் எண்ணிக்கை கொஞ்சநஞ்சம் இல்லை. சர்க்கரை உள்ளவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு இருந்தால் ஸ்டென்ட்டா, பைபாஸா என்று 1,900 பேரிடம் ஒப்பிட்டது 2012இல் வெளியான ‘ஃப்ரீடம்’ ஆய்வு. ஐந்து ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டார்கள், பைபாஸ் செய்தவர்களில் 18.7 சதவீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸில் கொஞ்சம் அதிகம். நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்பதாலேயே ‘மூணு ஸ்டென்ட் வெச்சிடலாம்’ என்ற யோசனை குடும்பத்துக்கு இனிப்பாக இருக்கும். அது எல்லா நேரமும் நல்ல யோசனை ஆகிவிடாது. “சுகர் இருக்கு, மூணு குழாய்லயும் அடைப்பு இருந்தா உடனே ஸ்டென்ட் வைக்காம, சர்ஜனையும் கேட்டுட்டுச் சொல்றீங்களா?” என்று டேபிளில் ஏறும் முன்பே சொல்லி வைப்பது, பிறகு கண்ணாடி அறையில் பதறுவதைவிட எவ்வளவோ மேல்.

டாக்டருக்குச் சொல்ல வேண்டியவை

கேட்பது பாதி, சொல்வது மீதி. சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கிரியேட்டினின் அளவு ஏற்கனவே கூடியிருந்தால் டாக்டர் சாயத்தின் அளவைக் குறைப்பார், முன்கூட்டியே சலைன் ஏற்றச் சொல்லலாம், மெட்ஃபார்மின் போன்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். முன்பு சி.டி. ஸ்கேனில் சாயம் போட்டபோது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்ததா என்பதையும், ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் சொல்லியாக வேண்டும். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனால் போதும். பேர் மறந்துபோகும் பிரச்சினையே இல்லை. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அம்மா சாப்பிடும் மூட்டு வலி மாத்திரையும், நாட்டு மருந்து லேகியமும் அந்தப் பைக்குள் இருக்க வேண்டும்.

மாதங்கள் தள்ளிக் கண்புரை ஆபரேஷன், ஹெர்னியா, பல் பிடுங்குவது என்று திட்டம் ஏதும் இருந்தால் அதுவும் முக்கியம். ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் என இரண்டு மாத்திரைகள் தொடர வேண்டும். நிலையான நோய்க்கு வைத்திருந்தால் பொதுவாக 6 மாதம், மாரடைப்புக்குப் பிறகு என்றால் 12 மாதம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு டாக்டர் குறைப்பார். பல் டாக்டர் சொன்னார் என்று நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். ‘எத்தனை மாசம், எந்த மாத்திரை, நிறுத்தணும்னா யாரைக் கேக்கணும்’ - இந்த மூன்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பணம் பற்றிக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது 29,600 ரூபாய், சாதாரண உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய். ஆண்டுதோறும் திருத்தப்படும் இந்த வரம்பு 2024 ஏப்ரலில் மருந்து பூசியதற்கு 38,267 ரூபாய் என்று இருந்தது. ஜிஎஸ்டி தனி. ‘வெளிநாட்டு ஸ்டென்ட்’ என்றாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. பில்லில் ஸ்டென்ட்டின் விலை, பிராண்டு, தயாரிப்பாளர், பேட்ச் எண் ஆகியவற்றைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. மொத்த பேக்கேஜ் லட்சங்களில் போவதற்கு ஸ்டென்ட் மட்டும் காரணம் இல்லை. பலூன், கம்பி, கேத் லேப் கட்டணம், ஐசியூ, டாக்டர் கட்டணம் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தொகை. அதனால் “ஒரு ஸ்டென்ட்டுன்னா எவ்வளவு, ரெண்டுன்னா எவ்வளவு, ஆஞ்சியோகிராம் மட்டும்னா எவ்வளவு?” என்று மூன்று எஸ்டிமேட் எழுதி வாங்குவது நல்லது.

ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸில் பெற்றோருக்குக் கோ-பே எவ்வளவு, அறை வாடகை வரம்பு உண்டா என்று அட்மிஷனுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால், வேறு கட்டணங்களிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும் பாலிசிகள் உண்டு. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் அது செல்லும்.

எப்படிக் கேட்பது?

கூட்டம் நிரம்பிய ஓபியில் டாக்டர் ஒருவருக்கு ஒதுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். இருபது கேள்வியோடு போனால் இரண்டாவதிலேயே அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். முக்கியமான நான்கைந்தைப் பேப்பரில் எழுதி, அவசரமா என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும். “நெட்ல போட்டிருக்கு” என்று தொடங்கினால் அறையின் சூடு ஏறிவிடும். “எங்களுக்குப் புரியல, கொஞ்சம் சொல்லுங்க டாக்டர்” என்றால் பெரும்பாலானவர்கள் ஒரு தாளை இழுத்து இதயம் வரைந்தே காட்டுவார்கள். பதிலே வராமல் “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்ற எதிர்க்கேள்விதான் வருகிறது என்றால், அவசரம் இல்லாத நோயாளிக்கு வேறு டாக்டரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

அப்படிப் போவதற்கு ஆஞ்சியோகிராம் சிடி வேண்டும். ‘டிரிபிள் வெசல் டிசீஸ்’ என்று எழுதிய ஒற்றைப் பக்க ரிப்போர்ட்டை வைத்து இன்னொரு டாக்டரால் தீர்மானமாக எதுவும் சொல்ல முடியாது, அசையும் படம் அவசியம். மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் சொல்கின்றன. சிடியைக் கேட்டு வாங்க பில் கவுண்டர், ரெக்கார்ட்ஸ் அறை என்று இரண்டு இடம் அலைய வேண்டியிருக்கலாம். டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுவிட்டால் அலைச்சல் ஒரு தடவையோடு முடியும்.

கடைசியாக, யார் கேட்பது என்பதும் இருக்கிறது. “அப்பா பயப்படுவார், அவர்கிட்ட சொல்ல வேண்டாம்” என்று டாக்டரைத் தனியே கூப்பிட்டுப் பேசுவது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். ஆனால், சாதாரணமாக ஆஞ்சியோகிராம் மரத்துப்போகும் ஊசியோடு, நோயாளி விழித்திருக்கும்போதே நடக்கிறது. டேபிளில் படுத்திருக்கும் அவருக்கு டாக்டர் பேசுவது கேட்கும், திரையும் பக்கத்தில்தான் இருக்கும். மகனை வெளியிலிருந்து கூப்பிடும் நேரத்தில் அவரிடமே கேட்கலாம். முதல் நாள் ஓபி அறையில் அவரும் கூட உட்கார்ந்து கேட்டிருந்தால், என்ன பதில் சொல்வது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.